ஒரு பக்கமாக ஊற்றிய தண்ணீர்

கண் ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டில் ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினாள் தையலக்கா. புதுக் கண்ணால் அவள் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது, வாசலில் நின்ற தன் வாதாமரம் செத்துக்கொண்டிருந்ததைத்தான். இந்தக் கண்ராவியைப் பார்க்கப் பழைய கண்ணே போதுமே, இதற்கா ஆபரேஷன் என்று அவளுக்குத் தோன்றியது.

இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு உதிர்ந்து கிடந்தது. பட்டை வெடித்திருந்தது. அடிமரத்தைச் சுற்றி மண் வெள்ளை வெளேரென்று பூத்துப்போயிருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். மூக்கு எரிந்தது. அந்த நெடி வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கும் நெடி அது. டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையைப் போக்க ஊற்றுகிற ஆசிட்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கையும் தங்கை புருஷனும்தான். அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியபோது மரம் அக்கா பக்கம் வந்தது. தங்கை புருஷனுக்கு டைல்ஸ் வியாபாரம். தன் பாதியின் முன்பக்கத்தை இடித்து, சுவரோடு ஒட்டிக் கண்ணாடி வைத்துக் கடை கட்டினார். மேலே மாடி எடுத்தார். மிச்சமிருந்த வாசலில் ஒரு சாண் மண் தெரியாமல் டைல்ஸ் பதித்தார். உலகத்தில் மண் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஏதோ மானக்கேடு. வாதாமரம் என்ன செய்யும் பாவம், தட்டு அகலத்து இலைகளை அந்தப் பளபளப்பின் மேல் உதிர்த்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் அவர் அதைக் கூட்டி அள்ளி, சுவருக்கு மேலாக அக்கா வாசலில் வீசுவார். அவள் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இலை விழுந்தால் அவளுக்கு என்ன கஷ்டம். தையல் மெஷினை வராந்தாவிலிருந்து இழுத்து மரத்தடியில் போட்டுக்கொண்டால் மத்தியான வெயிலிலும் ஃபேன் வேண்டாம். கணவர் இறந்த வருஷம், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. அந்த நிழலில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தைத்துத்தான் அவள் மறுபடி மனுஷியானாள். அது மரம் மட்டும்தானா அவளுக்கு?

சுவரின் அடியில் புதிதாக ஒரு ஓட்டை. ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். கடை கழுவுகிற தண்ணீர் அத்தனையும் நேராக மரத்தின் காலடிக்கு வந்திருக்கிறது.

"மாப்பிள்ளை, இந்தக் குழாய எப்ப வச்சீங்க?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள்.

டைல்ஸ்காரர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் மாதிரி நின்றார். "அதுவா? மழைத் தண்ணி போறதுக்குக்கா."

"மழையே பெய்யலையே."

"பெஞ்சா போகணும்ல. மரத்தப் பாத்துட்டு வருத்தப்படுறீங்களா? மரத்துக்கும் வயசாகும்க்கா, நமக்கெல்லாம் ஆகலையா? வெட்டிட்டு டைல்ஸ் போட்ருங்க. நானே போட்டுத் தரேன், சொந்தத்துக்குள்ள என்ன இருக்கு."

அவருக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டு, காய்ந்த துண்டையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். அந்தத் துண்டைப் பார்த்ததும் தையலக்கா வாயை மூடிக்கொண்டாள். இவள் இங்கே ஒரு வார்த்தை விட்டால், அங்கே அவள் வீட்டில் ஒரு மாதம் சோறு இறங்காது.

மரத்தை வெட்டி எடுத்துப்போன பிறகு வாசல் மொட்டையடித்த மாதிரி நின்றது. அன்றைக்கு அவள் மெஷினைத் தொடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை நினைத்தாள். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நஷ்டம் தர வேண்டாம். என் வயிறு எரிந்த மாதிரி அவன் வயிறு எரிய வேண்டும். அவன் ஆசையாக வைத்திருக்கிற ஒன்று, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கையை விட்டுப் போக வேண்டும். அந்த மூஞ்சியை நான் பார்க்க வேண்டும். அதுவரை எனக்குச் சாவு வரக் கூடாது.

பஸ் டிப்போவுக்கு எதிரில் ஒரு நர்சரி இருந்தது. அதை நடத்துகிறவள் தையலக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவள், ஆனால் வாய் பெரிசு. செடி வாங்க வருகிறவர்களைப் பெண் கேட்டு வந்தவர்களைப் போல் விசாரிப்பாள்.

"வீட்டுக்குப் பக்கத்துல வைக்கவே கூடாத மரம் எதும்மா?" என்று தையலக்கா மெதுவாகக் கேட்டாள்.

நர்சரிக்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்படிக் கேட்டுட்டு வாங்குறவங்க ஆயிரத்துல ஒருத்தர்தான்க்கா. அத்திய மட்டும் வச்சிராதீங்க. அது வேரு தண்ணிய மோப்பம் புடிச்சிட்டுப் போகும். செவுரு, குழாய், தரை, எதையும் விடாது. பழம் வேற விழுந்து நசநசன்னு ஒட்டும். பறவையெல்லாம் வந்து அசிங்கம் பண்ணி வைக்கும்."

"சரி, அதுல ஒண்ணு குடு."

நர்சரிக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வைக்கப் போறீங்க?"

"ஊருக்கு வெளில ஒரு எடம் கெடக்கு," என்று கூசாமல் புளுகினாள் தையலக்கா. கொண்டுவந்து சுவரிலிருந்து கையெட்டும் தூரத்தில் நட்டாள்.

முதல் கன்று பொசுக்கென்று போய்விட்டது. வெறுப்பில் வளர்க்கிறவர்களுக்குப் பொறுமை ஏது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, போதாததற்குச் சூடு ஆறாத சாணத்தை அள்ளி அடியில் குவித்தாள். வளர்டா, வளர்ந்து அவன் தரையைப் பிள என்று முறைத்துக்கொண்டே ஊற்றினாள். கன்று மஞ்சளாகி, அழுகி, கையோடு வந்துவிட்டது. அதை வேர்மண்ணோடு நர்சரிக்கு எடுத்துப்போய்க் காட்டினாள்.

"செடி வளக்குறீங்களா, நீச்சல் பழக்குறீங்களா?" என்று நர்சரிக்காரி கேட்டாள். "மண்ணுல விரல விட்டுப் பாருங்க. ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. அது சரி, இந்த மண்ணு ஏன் இப்படி நாறுது?"

இரண்டாவது கன்றுக்கு, இடுப்பாழம் தோண்டிச் செத்த மண்ணையெல்லாம் அள்ளி வெளியே கொட்டி, நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினாள். முதுகு விட்டுப்போயிற்று. காற்றில் ஆடுகிறதே என்று பயந்து கழியோடு இறுக்கிக் கட்டியதற்கும் நர்சரிக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆடினால்தான் தண்டு கெட்டிப்படுமாம். கட்டை அவிழ்த்துவிட்டாள். மெல்ல மெல்ல அவளுக்கும் கண் பழகியது. இலை வாடினால் வெயிலா வேரா என்று தெரிந்தது. எறும்பு ஏறினால் மேலே என்ன பூச்சி இருக்கும் என்று தெரிந்தது. சட்டைப் பொத்தானுக்குக் காஜா போட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய்க் கொழுந்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அக்காவுக்கு மரம் என்றால் உயிர் என்று தெருவே சொன்னது. அவள் சிரித்துக்கொண்டாள். இவர்களுக்கு என்ன தெரியும், நான் வளர்ப்பது மரமா என்ன?

கன்று ஆள் உயரம் வந்தபோது நர்சரிக்காரி ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். "அடியில ஊத்தாதீங்கக்கா. தள்ளி, சுத்தி ஊத்துங்க. மரம் வளர வளர வட்டத்தப் பெருசாக்கிட்டே போங்க. வேர் தண்ணியத் தேடிட்டு வரும். அப்பத்தான் மரம் கால ஊனி நிக்கும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட தையலக்கா, வீட்டுக்கு வந்ததும் அந்த வட்டத்தைப் பாதியாக வெட்டிவிட்டாள். வெட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. தன் பக்கம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. சுவர்ப் பக்கம் மட்டும் ஊற்றினாள். முதலில் ஒரு முழம் தள்ளி, அடுத்த வருஷம் சுவர் ஓரத்தில், அதற்கடுத்த வருஷம் சுவருக்கு அடியிலேயே ஒரு குழி பறித்து அதற்குள். குழியில் ஊற்றிய தண்ணீர் கடையின் அடிமண்ணுக்குப் போனது, வேரும் பின்னாலேயே போனது. நாய்க்குட்டியைத் தின்பண்டம் காட்டிக் கூட்டிப்போகிற மாதிரி, அந்த மரத்தை அவள் அவர் கடைக்குள் கூட்டிப்போனாள்.

மரம் காய்க்கத் தொடங்கிய பிறகு, பழிவாங்கலின் முதல் தவணை வானத்திலிருந்து வந்தது. பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டு, டைல்ஸ்காரரின் வாசலில் ஊதாவாகவும் வெள்ளையாகவும் கோலம் போட்டன. "அவரு காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ தேய்க்கிறாருக்கா," என்று தங்கை வந்து சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

பிறகு கடைக்குள் தரை பேச ஆரம்பித்தது. இருப்பதிலேயே உசத்தியான டைல்ஸை வாடிக்கையாளர் பார்ப்பதற்காக முன்பக்கம் பதித்துவைத்திருந்தார். அதன் மேல் நடந்தால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். டைல்ஸ் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. பதித்த மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி திட்டித் தீர்த்தார். பெயர்த்து மறுபடி பதித்தார்கள். மழை முடிந்ததும் தரை மறுபடி வயிறு தள்ளியது. இந்த முறை ஒரு டைல் படீரென்று வெடித்து வாடிக்கையாளர் முன்னாலேயே எழுந்து நின்றதாம். சுவருக்கு இந்தப் பக்கம் மெஷினில் இருந்த தையலக்காவுக்கு அந்தச் சத்தம் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் தைத்த மடிப்பெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்தது.

மூன்றாவது முறை ஆழமாகத் தோண்டிப் பார்த்தபோது, கை தடிமனில் வேர் கிடந்தது. டைல்ஸ்காரர் நேரே சுவருக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"அக்கா, உங்க மரத்து வேர் என் கடைக்குள்ள வந்திருக்கு."

"அதுக்கென்ன கண்ணா இருக்கு மாப்பிள்ளை, உங்க எடம் என் எடம்னு பாக்க."

"திங்கக்கெழம ஆள் வருது. சுவரோரமா கால்வாய் மாதிரி தோண்டி, வந்த வேர் அத்தனையும் வெட்டிட்டுக் கான்கிரீட் போடப் போறேன். என் எடத்துல நான் வெட்டுறேன். யாரும் கேக்க முடியாது."

"உங்க எடம், உங்க இஷ்டம்," என்றாள் தையலக்கா. அவர் தலை மறைந்ததும் நர்சரிக்கு ஓடினாள். வேரை வெட்டினால் மரம் பிழைக்குமா என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். அது ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

நர்சரிக்காரி கடப்பாரையோடு வந்தாள். ஊருக்கு வெளியே கிடக்கிற இடம் கடைத்தெருவிலேயே இருப்பதைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான். பிறகு மரத்துக்கு வீட்டுப் பக்கமாக மண்ணில் கடப்பாரையை இறக்கினாள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தள்ளி இன்னொரு இடத்தில் இறக்கினாள். அங்கேயும் அப்படித்தான். ஒரு வேர்கூடத் தட்டவில்லை.

"எந்தப் பக்கம் தண்ணி ஊத்துனீங்க?"

தையலக்கா சுவரைக் காட்டினாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. வாதாமரம், ஆசிட், குழாய், குழி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நர்சரிக்காரி கடப்பாரையை உருவி எடுத்துச் சுவரில் சாத்தினாள். பிறகு, "மரத்த வச்சு அடியாள் வேல பாத்திருக்கீங்க," என்றாள். "அவரு அந்தப் பக்கம் வெட்டிட்டா இதுக்கு நிக்கக் காலே இல்லக்கா. அடுத்த மழக்காத்துல சாஞ்சிரும்."

"எங்க சாயும்?"

"காத்து எப்பவும் உங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்துதான் அடிக்குது. அவரு கடை மேலதான் விழும்."

அந்தச் சாயங்காலம் முழுக்கத் தையலக்கா அதை நினைத்து நினைத்து ருசித்தாள். தன் கையாலேயே வெட்டி, தன் தலையிலேயே மரத்தைப் போட்டுக்கொள்ளப் போகிறான். கண்ணாடியெல்லாம் சில்லுச் சில்லாக, உசத்தி டைல்ஸெல்லாம் தூளாக, ஆளில்லாத நேரமாகப் பார்த்து விழுந்தால் போதும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இதைவிட என்ன வேண்டும்? எழுந்து வாசலுக்கு வந்தாள். வந்தவள் வழக்கம்போல் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள், வழக்கம்போல் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளி எறிந்தாள், பட்டை மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்க முடியவில்லை. அவனுடைய கடை நொறுங்கட்டும், நாசமாய்ப் போகட்டும். ஆனால் இன்னொரு தடவை இந்த வாசலை மொட்டையாகப் பார்க்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் மேல் இருந்த ஆத்திரத்தைவிட, அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை ஆட்கள் கடப்பாரையோடு நிற்கும்போது கடைக்குள் நுழைந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கடைப் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை.

"வெட்டாதீங்க மாப்பிள்ளை. வெட்டுனா மரம் உங்க கடை மேல விழும்."

"என்னக்கா பயமுறுத்துறீங்க?"

"பயமுறுத்தல, உண்மையச் சொல்றேன். என் பக்கம் வேரே கெடையாது. இத்தன வருஷமும் உங்க பக்கம் மட்டும்தான் தண்ணி ஊத்தினேன். வேணும்னே ஊத்தினேன். இப்ப அந்த மரம் உங்க தரையப் புடிச்சிட்டுத்தான் நிக்குது. அது நின்னா நீங்க நிப்பீங்க. அது சாஞ்சா..." அவள் கண்ணாடியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "நல்ல கண்ணாடி. பாவம்."

டைல்ஸ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "வேணும்னேவா?"

"மழைத் தண்ணி போகணும்னு நெனச்சு ஊத்தினேன்னு வச்சுக்குங்களேன்."

மேஸ்திரி கடப்பாரையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

அதன் பிறகு நர்சரிக்காரி வைத்ததுதான் சட்டம். வீட்டுப் பக்கமாக வட்டம் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அங்கேயும் வேர் பிடிக்க வைக்க வேண்டும். சில மழைக்காலம் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்து வேரில் ஒரு நகக்கீறல் படக் கூடாது. கடைக்குள் வேர் வந்த இடத்தில் டைல்ஸை எடுத்துவிட்டு மண்ணைத் திறந்துவைத்தால் நல்லது. டைல்ஸ் கடைக்கு நடுவில் ஒரு பாத்தி! வாடிக்கையாளர்கள் அதைச் சுற்றி நடந்துபோனார்கள். தண்ணீர் யார் ஊற்றுவது என்று வந்தபோது தையலக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் முதுகு போச்சு மாப்பிள்ளை. நீங்கதான் ஊத்தணும்."

மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மனிதர், தினமும் காலையில் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தார். அவள் மெஷினில் உட்கார்ந்தபடியே வேலை வாங்கினாள். "அங்க இல்ல, இன்னும் தள்ளி. விரல விட்டுப் பாருங்க. நகத்துல மண்ணு பட்டா ஒண்ணும் ஆகாது." காற்று அடித்தால் போதும், கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார். "நிக்குமாக்கா?" என்று கேட்பார். "இன்னிக்கி நிக்கும்," என்பாள் அவள். அந்த நாட்களில் அவளுக்குப் பசியும் தூக்கமும் கைக்குழந்தைக்கு வருவதுபோல் வந்தன.

ஆனால் பயந்தவன் பயந்தவனாகவே இருக்க வேண்டுமே. அதுதான் இல்லை. எங்கே நழுவியது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் வாளியை வைத்துவிட்டு ஓடியவர், பிறகு கொஞ்சம் நின்றார். பிறகு இலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். தன் வாசலில் விழுந்த இலையைக் கூட்டிக்கொண்டுவந்து மரத்தடி ஈரம் காயாமலிருக்க மூடாக்குப் போட்டார். சரக்கு இறக்க வந்த வண்டிக்காரன் மரத்தில் கயிறு கட்டியதற்கு, அடிக்காத குறையாகக் கத்தினார். நர்சரிக்குத் தனியாகப் போய்ச் சந்தேகம் கேட்டாராம். தையலக்காவுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் பேசுவது கேட்டது.

"இதுவா சார்? அத்தி. நான் வளத்த மரம்."

மெஷின் ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. நான் வளர்த்த மரமா? நாக்கில் நரம்பில்லாமல் எப்படிச் சொல்கிறான்? என் மரத்தைக் கொன்றவன், நான் பெற்ற மரத்துக்கு அப்பன் ஆகிவிட்டானா? தண்டனையாகக் கொடுத்ததை எடுத்துப் பரிசாக மாட்டிக்கொண்டானே! விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே அவள் குமுறினாள்.

சொன்னபடி சில மழைக்காலம் முடிந்ததும் நர்சரிக்காரி கடப்பாரையோடு வந்தாள். வீட்டுப் பக்கம் இறக்கினாள். ஒரு சாணில் ணங்கென்று நின்றது. தள்ளி இறக்கினாள், அங்கேயும் நின்றது.

"இனிமே பயமில்லக்கா. ரெண்டு கால்லயும் நிக்குது."

தையலக்கா மறுநாள் காலைக்காகக் காத்திருந்தாள். டைல்ஸ்காரர் வாளியோடு வந்தபோது, அவள் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். கேட் சாத்தியிருந்தது.

"வேர் புடிச்சிருச்சு மாப்பிள்ளை. இனிமே நீங்க வர வேணாம்."

"அப்பாடா!" அவர் வாயெல்லாம் பல்லானார். "நல்ல சேதிக்கா. பரவால்ல, பழகிருச்சு. நான் பாட்டுக்கு வந்து ஊத்திட்டுப்..."

"வேணாம். இது என் மரம். நீங்க இதத் தொட வேணாம், கிட்ட வர வேணாம். கேட்டப் பூட்டப் போறேன்."

பூட்டைப் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்று, உதடு மட்டும் அப்படியே இருந்தது. கண் அவளைத் தாண்டி மரத்துக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. கையிலிருந்த வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டே நின்றார். இத்தனை வருஷம் அவள் கேட்டிருந்த மூஞ்சி இதுதான். டைல் வெடித்தபோது கிடைக்காதது, பயத்தில் ஓடிவந்தபோது கிடைக்காதது, இப்போது கிடைத்துவிட்டது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவளுக்குக் குளிர்ந்தது.

அவர் போகவில்லை. "அந்த வாதாமரம்," என்றார். "நான்தாங்க்கா ஊத்தினேன். தெரிஞ்சேதான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அது செத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. குப்ப ஒழிஞ்சுதுன்னு இருந்துச்சு. இப்ப நெனச்சா நெஞ்சு அடைக்குது."

அடைக்கட்டும் என்று அவள் நினைத்தாள். நன்றாக அடைக்கட்டும். வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

"இன்னொண்ணுக்கா. மேல கொழுந்துல புழு விழுந்திருக்கு. வலை கட்டித் திங்குது. உங்க பக்கத்துலேர்ந்து தெரியாது, எங்க மாடிலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். சீக்கிரம் ஆள விட்டுப் பாத்துக்குங்க."

தையலக்கா நின்றாள். "எந்தக் கிளை?"

"கீழ நின்னு காட்ட முடியாதுக்கா."

அவள் பூட்டைத் திறந்தாள். மன்னிப்பதற்காக இல்லை, புழுவைப் பார்ப்பதற்காக. தங்கை வாயைப் பிளந்துகொண்டு நிற்க, கடை வழியாக அவள் மாடி ஏறினாள். அந்த மாடி கட்டியதிலிருந்து அவள் அங்கே ஏறியதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள், ஏறிய மூச்சை விட மறந்து நின்றாள்.

கீழே தன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடிமரமும் நாலு கிளையும் நடுவே வானமும்தான். இங்கே மரம் மொட்டைமாடியின் பாதியை மூடிக்கொண்டு கிடந்தது. இலைக்குள் இலை, கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாகச் சிவந்த பழம், பழத்துக்கு ஒரு பறவை. வெயில் தரையில் விழ வழியில்லை. பழமும் எச்சமும் அப்பிக்கிடந்த தரையை அவர் துடைப்பதைக்கூட விட்டிருந்தார். அவள் ஒரு பக்கமாக ஊற்றிய தண்ணீரெல்லாம், அந்த வேர் வழியாக, இந்தப் பக்கம்தான் ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்காகவென்று ஊற்றினாளே, அது அவனுக்காகவே போயிருந்தது. மரத்தின் நல்ல பாதியை அவள் தன் கையால் அவனுக்கு வளர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

மரத்தைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"யாருது இது?"

"என்னுதுதாங்க்கா. காலைல டீ இங்கதான்."

தையலக்கா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "புழு விழுந்த கிளையக் காட்டுங்க." காட்டினார். பார்த்தாள். "நாளைலேர்ந்து தெனமும் காலைல நான் இங்க வந்து உக்காருவேன். இந்த நாற்காலி இனிமே எனக்கு. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அந்த மூஞ்சி இன்னொரு தடவை வரும் என்று ஆவலோடு நிமிர்ந்தாள். டைல்ஸ்காரர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டார். "இங்கேர்ந்து பாத்தா அந்தக் குருவிக்கூடும் தெரியும்க்கா," என்றார். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "அக்காவுக்கும் சேத்து டீ போடு," என்று வீடே அதிரக் குரல் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்கத் தையலக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள். ஆனால் மரம் இந்தப் பக்கத்திலிருந்துதான் நன்றாகத் தெரிந்தது.